வாதங்களைப் பிரித்தறிந்த வைத்தியர்

கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனை முதலிய கரையோர ஊர்களிலே ஒருவருக்குக் கை கால் விளங்காது போய்விட்டால், வாதம் என்ற ஒரே சொல் அதற்குப் போதுமானதாயிருந்து வந்துள்ளது. மூட்டு வீங்கினாலும் வாதம். உடலின் ஒரு பக்கம் சோர்ந்தாலும் வாதம். கை நடுங்கினாலும் வாதம். சிறு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கால் சூம்பினாலும் வாதம். முடக்குவாதம், பாரிசவாதம், நடுக்குவாதம், இளம்பிள்ளைவாதம் என்று நம் முன்னோர் அடைமொழி கொடுத்து வேறுபடுத்த முயன்றனர். வாதநோய்கள் எண்பது என்று தொகை கூறும் வைத்திய மரபும் நம்மிடம் உண்டு. ஆயினும் எந்த வாதத்துக்கு உடலின் எந்த இடத்தில் எந்தப் பழுது காரணம் என்று வினவினால், அந்த அடைமொழிகள் விடை சொல்லமாட்டா.

நம்மவரை மட்டும் இதற்காகக் குறை கூறுதல் நியாயமன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸ் மாநகரத்துப் பேராசிரியர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவேதான். அந்தக் குழப்பத்தினுள்ளே புகுந்து, வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இருப்பிடத்தை மூளையிலும் முண்ணாணிலும் காட்டியவர் ழான் மார்த்தான் ஷார்க்கோ என்னும் பிரெஞ்சு வைத்தியர். இன்று மல்ட்டிப்பிள் ஸ்க்ளெரோசிஸ் என வழங்கும் நோய்க்கு உருவமும் பெயரும் தந்தவர் அவரே. அந்நோயிலே குருதிக் குழாய்க்கு என்ன பங்கு என்ற கேள்வி அவருடைய மேசைமீது வந்து நின்றது. அவர் அதற்கு அளித்த விடை நிலைக்கவில்லை. நிலைக்காத அந்த விடையையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய சரித்திரம் முழுமையுறும்.

1825 நவம்பர் 29ஆந் திகதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளர், வறியவருமல்லர், செல்வருமல்லர். புதல்வர் பலருள் படிப்பிற் சிறந்தவன் எவனோ அவனையே மேற்படிப்புக்கு அனுப்புவதென்று தந்தையார் முடிவுசெய்ததாகவும், அந்த வாய்ப்பு ழான் மார்த்தானுக்குக் கிட்டியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. நம்மூர்க் குடும்பங்களில் இன்றும் நடப்பதுதானே! பையன் பேச்சிலே சுருங்கியவன், ஓவியத்திலே பெருவிருப்பினன். வைத்தியனாவதா சித்திரக்காரனாவதா என்று மனம் ஊசலாடிய காலமும் இருந்தது. பிற்காலத்தில் கரும்பலகையிலே வண்ணச் சுண்ணக்கட்டிகளால் மூளையின் வெட்டுமுகத்தை அவர் வரைந்து காட்டியபோது, அந்தப் பழைய ஆசை வீண்போகவில்லை என்பதை மாணவர் கண்டனர்.

1848இல் ஆஸ்பத்திரி உள்ளுறை மாணவராகத் தேர்வுற்றார். 1853இல் பட்டத்துக்கென அவர் எழுதிய ஆய்வே வாதங்களைப் பிரிக்கும் வேலையின் முதற்படி எனலாம். கௌட் எனப்படும் மூட்டுநோயும் நாட்பட்ட மூட்டுவாதமும் ஒன்றல்ல, வெவ்வேறு என்பதை அதிலே நிறுவ முற்பட்டார். உயர்பதவிக்கான போட்டித் தேர்வில் 1857இல் தோல்வியுற்றார், 1860இலேதான் தேறினார். சபையிற் பேசுவதென்றால் நாவெழாதவர் அவர். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் திரண்டு வந்து அவர் விரிவுரையைக் கேட்டது என்பதை நினைக்கும்போது, இந்தத் தோல்வி விசித்திரமாகத் தோன்றும்.

தோல்விக்கும் தேர்ச்சிக்கும் இடைப்பட்ட 1858ஆம் ஆண்டில் அவர் செய்த சிறு கண்டுபிடிப்பொன்றை இங்கே குறித்துவைத்தல் அவசியம். சிறிது தூரம் நடந்தவுடன் கால் மரத்து வலித்து நொண்டத் தொடங்கும். சற்று நின்றால் வலி தீரும். மீண்டும் நடந்தால் மீண்டும் வலிக்கும். இத்தகைய நோயாளி ஒருவரை ஷார்க்கோ பரிசோதித்தார். அவர் முன்னாட் போர்வீரர். உடலிலே பழைய துப்பாக்கிக் காயமுண்டு. அவர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது, காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி இடுப்பளவிலே கெட்டு அடைபட்டிருந்தது தெரிந்தது. குதிரைகளில் இத்தகைய நொண்டலை மிருக வைத்தியர் முன்னரே விவரித்திருந்தனர். மனிதனிலும் அது உண்டென்று எடுத்துக்காட்டியவர் ஷார்க்கோ. வாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்த ஒரு நோய்க்குக் காரணம் நரம்பில் இல்லை, குருதி வழியிலே இருந்தது. குருதிக் குழாயின் முக்கியத்துவத்தை அறியாதவர் அவர் என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம்.

1862ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. அவ்வாண்டிலே சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் வைத்தியராக நியமனம் பெற்றார். வெடிமருந்துக்கான வெடியுப்போடு தொடர்புடைய பழைய இடமொன்றை, பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1656இல், ஏழைப் பெண்களை அடைத்துவைக்கும் விடுதியாக மாற்றினார்கள். அப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஷார்க்கோ அங்கே சென்றபோது ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் அதனுள் வாழ்ந்தனர். முதியோர், வலிப்பு நோயினர், சித்தம் கலங்கியோர், கை கால் முடங்கியோர், ஆதரிப்பார் இல்லாதோர் என எல்லாரும் ஓரிடத்திற் கிடந்தனர். புகழ் தேடும் வைத்தியர் எவரும் விரும்பிச் செல்லாத இடம் அது. போனாலும் விரைவில் மாற்றம் பெற்று வெளியேறவே முயல்வர்.

ஷார்க்கோ வெளியேறவில்லை. நண்பர் வுல்ப்பியான் என்பவருடன் சேர்ந்து, அந்தப் பரந்த விடுதியிலிருந்த நோயாளர் அனைவரையும் வரிசையாகப் பரிசோதித்துக் குறிப்பெழுதும் பணியை ஆரம்பித்தார். மற்றோர் குப்பைமேடு என்று கருதிய இடம் அவருக்கு உயிருள்ள அருங்காட்சிச்சாலையாகத் தோன்றியது. அப்பெண்கள் பெரும்பாலும் அங்கேயே ஆண்டுக்கணக்கிற் கிடந்து அங்கேயே இறப்பவர்கள். ஆதலால் உயிரோடிருக்கும்போது கண்ட குறிகளை எழுதிவைத்து, இறந்தபின் மூளையையும் முண்ணாணையும் அறுத்து, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, குறிக்கும் பழுதுக்கும் பொருத்தம் காண அவரால் முடிந்தது. அந்தப் பெண்களிடம் சம்மதம் கேட்டார்களா என்ற வினாவை இக்காலத்து வாசகர் எழுப்பாதிருக்க மாட்டார். அக்காலத்தில் அதனை எவரும் கேட்கவில்லை. நவீன நரம்பியல் பெற்றிருக்கும் செல்வத்தின் பெரும்பகுதி, பெயர்கூடச் சரியாகப் பதியப்படாத ஏழைப் பெண்களின் உடலிலிருந்து எடுத்தது என்பதை மறத்தலாகாது.

அங்கே நடுக்கம் உள்ள பெண்கள் பலர் இருந்தனர். எல்லாருக்கும் நடுக்குவாதம் என்றே பெயர். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நோய் அதுவென்று எண்ணினர். ஷார்க்கோ செய்தது மிக எளிய காரியம். நடுங்கும் நோயாளியிடம் ஒரு கிண்ணம் நீரைக் கொடுத்து அருந்தச் சொன்னார். சிலருக்குக் கை சும்மா மடியிற் கிடக்கும்போது நடுங்கியது. கிண்ணத்தை எடுத்ததும் நடுக்கம் குறைந்தது. வேறு சிலருக்கோ கை சும்மா இருக்கும்போது அமைதி. கிண்ணத்தை எடுத்து வாயை நெருங்க நெருங்க நடுக்கம் பெருகி, நீர் முழுவதும் நெஞ்சிற் சிந்தியது. முன்னையது பார்க்கின்சன் நோய், பின்னையது வேறொன்று. பார்க்கின்சனின் பெயரை அந்நோய்க்குச் சூட்டியவரும் ஷார்க்கோவே.

இரண்டாம் வகையினர் பெரும்பாலும் இளம்பெண்கள். நடுக்கத்தோடு வேறு குறிகளும் அவர்களிடம் காணப்பட்டன. கண்மணிகள் ஓரிடத்தில் நிலைகொள்ளாது அங்குமிங்கும் துடித்தன. பேச்சு அசை அசையாக, செய்யுளைச் சீர்பிரித்து வாசிப்பதுபோல் இழுபட்டு வந்தது. இம்மூன்று குறிகளும் ஷார்க்கோவின் முக்குறி என்று வைத்திய நூல்களில் நிலைபெற்றுவிட்டன. நோயாளர் எல்லாரிடத்தும் இம்மூன்றும் தோன்றுவதில்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஒரு கண் திடீரென மங்குதல், கால் மரத்தல், காரணமறியாத களைப்பு என்று மெல்லத் தொடங்குவதே வழக்கம். வந்த குறி சில வாரங்களில் தணிந்துவிடும். மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து வேறோரிடத்தில் மீண்டும் தலைகாட்டும். இந்தத் தணிவும் மீட்சியும் ஷார்க்கோவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

அவர் வீட்டுப் பணிப்பெண்ணைப்பற்றி ஒரு கதை உண்டு. கை நடுக்கமுள்ள ஒருத்தியை, அவள் பீங்கான் தட்டுகளை நாள்தோறும் உடைத்துக்கொண்டிருந்தபோதும், அவர் வேலையிலிருந்து நீக்காது வைத்திருந்தாராம். இறுதியில் அவள் சல்பெத்ரியேரில் இறந்தாள். அவளுடைய நரம்புத்தொகுதியிலும் அந்நோயின் திட்டுகள் காணப்பட்டன. தட்டுகளின் செலவைப் பொறுத்தது இரக்கத்தாலா, ஆராய்ச்சி ஆர்வத்தாலா என்பதை வாசகர் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும். இரண்டும் கலந்திருக்கவுங்கூடும்.

அந்தத் திட்டுகள் எவை? நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று சுற்றியிருக்கும். மின்கம்பியின்மேல் இறப்பர் உறை இருப்பதுபோல என்று கொள்க. மூளையிலும் முண்ணாணிலும் அங்கங்கே இந்த உறை அழிந்து, இடம் இறுகித் தடித்துச் சாம்பல் நிறத் திட்டாகிவிடுகிறது. ஷார்க்கோவுக்கு முன்னரே பிரான்சிலே குருவேயியேர், இங்கிலாந்திலே கார்ஸ்வெல் ஆகியோர் இத்திட்டுகளை 1830களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் கண்டு படமாக வரைந்திருந்தனர். கண்டவர் பலர், உயிரோடிருந்த நோயாளியின் குறிகளோடு இணைத்து, இது தனித்த ஒரு நோய் என்று தெளிவாக நாட்டியவர் ஷார்க்கோ. 1868இல் வெளியிட்ட விரிவுரைகளில் அந்நோயைத் திட்டுத்திட்டாக இறுகும் நோய் என்ற பொருளுடைய பிரெஞ்சுப் பெயரால் விவரித்தார். உறை அழிந்தபோதும் உள்ளிழை பெரும்பாலும் தப்பியிருக்கிறது என்ற நுட்பத்தையும் அவரே கண்டு சொன்னார்.

இதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்த்து, 1864 முதல் தமிழிலேயே மாணவருக்குப் போதித்து வந்தார். பாரிஸிலே புதுநோய்களுக்குப் பெயர் பிறந்துகொண்டிருக்க, மானிப்பாயிலே உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ப்பெயர் பிறந்துகொண்டிருந்தது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் அம்முயற்சி தளர்ந்தது. தளராது தொடர்ந்திருப்பின், இந்நோய்க்கு ஒரு நல்ல தமிழ்ப்பெயர் தேடி நாம் இன்று இடர்ப்படவேண்டியிராது.

இனிக் குருதியின் கதைக்கு வருவோம். 1863இல், ஷார்க்கோவின் விரிவுரைகளுக்கு ஐந்தாண்டு முன்னர், ரின்ட்பிளைஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒன்றைக் கவனித்து எழுதினார். எந்தத் திட்டை எடுத்து வெட்டிப் பார்த்தாலும் அதன் நடுவே ஒரு சிறு குருதிக் குழாய் ஓடுகிறது. அதன் சுவர் அழற்சியினாலே மாறுபட்டிருக்கிறது. ஆகவே பழுது குருதிக் குழாயிலே தொடங்கி நரம்புக்குப் பரவுகிறது என்பது அவர் துணிபு. ஷார்க்கோவும் தம் நுணுக்குக்காட்டியில் அதே காட்சியைக் கண்டார். குழாய்ச்சுவர் தடித்திருப்பதையும், அதனருகே கொழுப்புத் துகள்களை விழுங்கிய உயிரணுக்கள் திரண்டிருப்பதையும் எழுதியும் வைத்தார். ஆயினும் மூலகாரணம் அதுவென்று அவர் ஏற்கவில்லை. நரம்பிழைகளைத் தாங்கிப் பிணைக்கும் இடைத்திசு முதலிற் பெருகி இறுகுகிறது; அதன் நெருக்குதலாலே உறை அழிகிறது; குழாயின் மாற்றம் உடன்வரும் ஒன்று. இவ்வாறு அவர் தீர்ப்பளித்தார். சல்பெத்ரியேரின் தீர்ப்பு அக்காலத்தில் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது.

அவர் குருதிக் குழாயை அலட்சியம் செய்பவராயிருந்தால் இது வியப்பன்று. ஆனால் அதே 1868இலே தம் மாணவர் புஷாருடன் சேர்ந்து, மூளையிலே குருதி கசிந்து பாரிசவாதம் உண்டாவதற்கு நுண்ணிய நாடிகளில் தோன்றும் கடுகளவு வீக்கங்கள் காரணம் என்று எழுதியவர் அவர். ஒரு வாதத்துக்குக் குருதிக் குழாயைக் காரணங் காட்டிய அதே கை, அடுத்த வாதத்துக்கு அதனை ஒதுக்கிவைத்தது. பாரிசவாதம் இடிபோல் வருவது. திட்டுநோயோ கறையான்போல் அரிப்பது. இரண்டிற்கும் குருதி வழியிற் சம்பந்தம் இருக்குமென எண்ண அவர் மனம் இடந்தரவில்லை போலும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை அவர் கைகள் வெறுமையே. தங்க உப்பு, நாக உப்பு, வெள்ளி உப்பு, எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின், மின்சாரம், நீர்ச்சிகிச்சை யாவற்றையும் முயன்று பார்த்தார். எதனாலும் நிலையான பயன் விளையவில்லை. அதை மறைக்காமல் மாணவர்முன் ஒப்புக்கொண்டார். நோயின் பெயரைச் சொல்லத் தெரிந்த வைத்தியர், நோயாளிக்கு அதனால் என்ன நன்மை என்று கேட்கப்பட்டால் மௌனமாயிருக்க வேண்டிய நிலை.

எனினும் வெற்றிகள் தொடர்ந்தன. தசைகள் மெலிந்து மூச்சும் அடங்கும் கொடிய நோய் ஒன்றை 1869 முதல் ஆராய்ந்து 1874இல் அதற்குப் பெயரிட்டார். பிரான்சிலே அது ஷார்க்கோ நோய் என்றே வழங்குகிறது. 1872இல் நோயுடற்கூற்றுப் பேராசிரியரானார். 1882இல் நரம்பு நோய்களுக்கென்றே அவருக்காக ஒரு பீடம் உருவாயிற்று. பாபின்ஸ்கி, பியேர் மாறி, ஜில் தெ லா தூரெத் முதலிய மாணவர்கள் சூழ்ந்திருந்தனர். வியன்னாவிலிருந்து சிக்மண்ட் பிராய்ட் 1885இல் வந்து சில மாதம் தங்கிப் படித்துத் திரும்பி, தம் மூத்த மகனுக்கு இவர் பெயரையே இட்டார். பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தியும் இவரிடம் வைத்தியம் பார்க்க வந்தார். வண்டி செய்தவரின் மகனுக்கு பாரிஸிலே மாளிகையும், செவ்வாய்க்கிழமை தோறும் அமைச்சரும் கலைஞரும் கூடும் விருந்தும் அமைந்தன.

புகழோடு தவறும் வந்தது. ஹிஸ்டீரியா என்னும் நோயை அவர் ஆராயத் தலைப்பட்டார். அறிதுயிலில் ஆழ்த்திய பெண்களைச் சபைமுன் நிறுத்தி, குறிகளை வரிசையாக வருவித்துக் காட்டினார். நாடகக்காரரும் எழுத்தாளரும் அதைக் காண நெருங்கினர். இங்கே அறுத்துப் பார்ப்பதற்குத் திட்டும் இல்லை, வடுவும் இல்லை. தாம் காணவிரும்புவதை அப்பெண்கள் உணர்ந்து அதனையே காட்டுகின்றனர் என்பதை அந்தக் கூர்மையான கண் காணத் தவறியது. நான்ஸி நகரத்து வைத்தியர் பேர்ன்ஹைம் அக்குற்றத்தை வெளிப்படையாக எடுத்துக் கூறினார். தவற்றைச் சுட்டத் துணிந்தோர் தம் சொந்த மண்டபத்தில் இல்லாதிருந்ததே ஷார்க்கோவின் கேடு.

வீட்டிலே அவர் மென்மையானவர். விலங்குகளிடம் அளவிலா அன்பு, வேட்டையை வெறுத்தார், உயிருள்ள பிராணிகளை அறுத்து ஆராய்வதை விரும்பவில்லை. அவர் வளர்த்த ஒரு குரங்கு உணவுமேசையிலே குறும்பு செய்வதை இரசித்துக்கொண்டிருப்பாராம். மாணவரிடம் கடுமை, குரங்கிடம் தாராளம் என்று மாணவர் முணுமுணுத்திருப்பின் தவறில்லை.

1893 ஆகஸ்டிலே மாணவர் சிலருடன் மொர்வான் மலைநாட்டுக்கு ஓய்வுப் பயணம் சென்றார். இருதயநோய் முன்னரே அவரைப் பற்றியிருந்தது. ஆகஸ்ட் 16ஆந் திகதி, செத்தோன் ஏரிக்கரை விடுதியொன்றில், நுரையீரலில் நீர் நிறைந்து மூச்சடைத்து மாண்டார். அதற்குச் சிலகாலம் முன்னதாகத் தம் செயலாளரிடம், ஹிஸ்டீரியாபற்றிய தம் கருத்துகளை அடியோடு மாற்றியமைக்க வேண்டும் என்று தெரிவித்ததாக அச்செயலாளர் பின்னர் எழுதியுள்ளார். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

திட்டுநோய்பற்றிய கருத்தை மாற்ற வேண்டும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர் ஒதுக்கிய குருதிக் கேள்வியோ அவரோடு மறையவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே, 1882இல், ரிபேர்ட் என்ற ஜெர்மானியர் திட்டின் நடுக்குழாயிலே குருதி உறைந்து அடைப்பதே நோயின் ஆரம்பமோ என்று வினவினார். 1930களில் பொஸ்டன் நகரத்து வைத்தியர் திரேசி புட்னம் அதனைப் பற்றிக்கொண்டார். நாய்களின் மூளை நாளங்களை அடைத்துப் பார்த்ததில் திட்டுப் போன்ற பழுதுகள் உண்டாயின. ஷார்க்கோ உயிரோடிருந்தால் நாய்களுக்காக வருந்தியிருப்பார். கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி உறையாமல் இறப்பதை ஆராய்ந்து, டைகூமறோல் என்ற மருந்து அமெரிக்காவிலே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. உறைவைத் தடுக்கும் அம்மருந்தைத் திட்டுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த செய்தியைப் புட்னமும் அவர் துணைவரும் 1947இல் வெளியிட்டனர். தானே தணிந்து தானே மீளும் நோயிலே, மருந்தால் தணிந்தது எது, இயல்பால் தணிந்தது எது என்று பிரிப்பது கடினம். ஒப்புநோக்கத்தக்க சோதனைகளின் ஆதரவு கிட்டாமையால் அம்முறை கைவிடப்பட்டது. குருதிக் கேள்வியும் அதனுடன் நெடுங்காலம் அலமாரியில் ஏறிவிட்டது.

அதை மீண்டும் இறக்கியது புட்னம் எதிர்பாராத ஒரு வழி. குருதியிலே பைபிரினோஜன் என்ற புரதம் கரைந்து ஓடுகிறது. காயம்பட்டால் அது பைபிரின் என்னும் இழைகளாக மாறி, பின்னிப் பிணைந்து, குருதியணுக்களை அகப்படுத்திக் கட்டியாக்குகிறது. கல்குடாக் கரையிலே கரைவலை வளைப்பதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வலை கடலிற் கிடக்கும்வரை அதனால் ஊருக்குச் சோறு. வலை வாய்க்காலுக்குள் வந்து விழுந்தாலோ அகப்படுவதெல்லாம் அழுகும். மூளையின் குருதிக் குழாய்களுக்குக் காவற்சுவர் ஒன்று உண்டு. இந்நோயிலே அழற்சியால் அச்சுவர் இளகும்போது, இருக்கவேண்டாத இடத்துக்குள் பைபிரினோஜன் கசிந்து பைபிரின் வலையாகி விடுகிறது. திட்டுகளில் அவ்வலை படிந்திருப்பதைப் பலர் கண்டனர்.

முன்னர் அதனைக் கசிவின் எச்சம், வெறுங்குப்பை என்றே கருதினர். அது சும்மா கிடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. மூளையின் காவல் அணுக்களை அது பற்றித் தூண்டி, அழற்சியைப் பெருக்குகிறது. 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, பைபிரின் அக்காவல் அணுக்களைப் பற்றும் இடத்தை மட்டும் எலிகளில் மறித்தபோது, குருதி உறையும் இயல்பு கெடாமலே நோய் தணிந்ததைக் காட்டியது. 2018இல் அதே நோக்கோடு ஆக்கிய நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றும் எலிகளில் ஒத்த பயனைத் தந்தது. ஆகவே குருதிக்குழாய் அடைபடுவதால் நரம்பு சாகிறது என்ற புட்னத்தின் கருத்தும் முழுச்சரியன்று. குழாய் உடன்வருவது மட்டும் என்ற ஷார்க்கோவின் கருத்தும் சரியன்று. உறைவும் அழற்சியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இரட்டையர் போலாம். நடுக்குழாயைச் சுட்டிய ரின்ட்பிளைஷின் கண்ணே சரியான இடத்தைப் பார்த்தது.

இதனை வாசித்து, உறைதடுக்கும் மாத்திரையை எவரும் தாமாக வாங்கி விழுங்கத் துணியவேண்டாம். இந்நோய்க்கு அது சிகிச்சையாக நிறுவப்படவில்லை. அளவு பிசகினால் குருதிப்பெருக்கு உயிரையே குடிக்கும். வேறொரு காரணத்துக்காகவே உறைவைக் கவனித்தல் வேண்டும். இந்நோயினர், அதிலும் நடமாட்டம் குறைந்தோர், கால் நாளங்களிலே குருதிக்கட்டி உண்டாகும் ஆபத்து மிக்கவர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால், திடீரென மூச்சு வாங்கினால், பழைய வாதந்தானே என்று வீட்டில் வைத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பூமத்திய ரேகையை அடுத்த நாடுகளில் இந்நோய் குறைவு. அதற்கு எட்டுப் பாகை வடக்கே கிடக்கும் கல்குடாவில் அபூர்வமே. வடக்கேயுள்ள குளிர்நாடுகளில் மிகுதி. வெயிலும், உடலின் வைட்டமின் டீயும், பரம்பரையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எப்ஸ்டைன் பார் என்ற சாதாரண வைரசு தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு முப்பது மடங்குக்கு மேல் உயர்வதை 2022இல் அமெரிக்கப் படையினரிடையே செய்த பேராய்வு காட்டியது. தொற்று நோய்களுக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று 1884இலேயே எழுதியவர் ஷார்க்கோவின் மாணவர் பியேர் மாறி. அபூர்வமான நோய்க்கு ஓர் இன்னல் உண்டு. கண் மங்கிக் கால் மரத்த இளம்பெண்ணுக்குச் செய்வினை என்றும் மனநோய் என்றும் பெயர் சூட்டி ஆண்டுகளைக் கழித்துவிடுவார்கள். நரம்பியல் நிபுணரிடம் அவள் போய்ச் சேரும்போது காலம் கடந்திருக்கும்.

இந்நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்தான இன்டர்பெரோன் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஷார்க்கோ மறைந்து சரியாக நூறாண்டு. இன்று அத்தகைய மருந்துகள் பல உள. திட்டையும் அதன் நடுவே ஓடும் சிறு நாளத்தையும் நோயாளி உயிரோடிருக்கும்போதே காந்தப்படத்திற் காணவும் முடிகிறது.

ஷார்க்கோவின் மகன் ழான் பத்தீஸ்த் தந்தையின் விருப்பப்படி வைத்தியம் படித்தார். ஆனால் அவர் மனம் கடலிலே இருந்தது. தந்தை மறைந்தபின் தென்துருவக் கடல்களை ஆராயும் மாலுமியாகி, 1936இல் ஐஸ்லாந்துக் கரையருகே புயலிற் கப்பலோடு மூழ்கி இறந்தார். தந்தையின் நூல்களை அவர் 1907இல் சல்பெத்ரியேருக்கே கொடுத்துவிட்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரி வாயிலில் 1898இல் நாட்டிய ஷார்க்கோவின் வெண்கலச் சிலையை, இரண்டாம் உலகப்போரின்போது பாரிஸைப் பிடித்திருந்த ஜெர்மானியர் உருக்கிவிட்டனர். நூல்கள் தப்பின.